கெசையாவின் உதடுகள்

இங்கிலாந்தின் லங்காஷயரில் தறி ஓட்டுகிற பெண்களுக்குக் காது இருப்பது தலைத்துணி நழுவாமல் இருக்கத்தான். அத்தனை விசைத்தறிகளும் ஒரே கூரையின் கீழ் அலறும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே பேச்செல்லாம் உதட்டில்தான். வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லையும் மென்று காட்டினால், கொட்டகையின் அந்தக் கோடியில் இருப்பவள் படித்துவிட்டுச் சிரிப்பாள்.

டோர்க்கஸ் சிரித்து வெகுநாளாகிவிட்டது. வசந்தத்தில் அவள் தங்கை கெசையாவைக் கால்வாயிலிருந்து தூக்கினார்கள். தானாகக் குதித்தாள் என்று விசாரணையில் எழுதினார்கள். குதித்துச் செத்தவர்களின் உடம்பு ராஜாவுக்குச் சொந்தம். செத்தவர்களை எழுப்புகிற வித்தையை ஜெனீவாக்காரன் ஒருவன் அரசாங்கத்துக்கு விற்ற நாளிலிருந்து அதுதான் சட்டம். ராஜா அந்த உடம்புகளை வைத்து என்ன செய்வார்? ஆலை முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டார். சோறும் வேண்டாம், கூலியும் வேண்டாம். ஊரில் அவற்றை ‘எழுப்பினது’ என்பார்கள். அதுகளுக்குக் குரல் கிடையாது, நினைவு கிடையாது என்று பாதிரியார் முதல் பால்காரன் வரை அடித்துச் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? பின்னே எப்படித் தூங்குவது?

ஒருநாள் காலை, ஊடைநூல் கூடையைச் சுமந்துகொண்டு கெசையாவே டோர்க்கஸின் தறியருகே வந்து நின்றாள். டோர்க்கஸ் வேலையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

அடுத்த தறியிலிருந்த ஜெமைமா உதட்டை அசைத்தாள். “மூஞ்சியப் பாக்காதடி. கூடைய மட்டும் பாரு. நான் அப்படித்தான் காலத்தத் தள்ளுறேன்.”

ஜெமைமாவின் புருஷன் சேத் கோடியில் பஞ்சுத்தூசி கூட்டிக்கொண்டிருந்தான். அவனும் கால்வாயில் கிடைத்தவன்தான். அந்த வருஷம் கால்வாய் நிறையப் பேரை விழுங்கியது. கஷ்டகாலம், மனசு விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்தது.

கெசையாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“ஜெமைமாக்கா, அவ வாயி…” என்று டோர்க்கஸ் வாயசைத்தாள்.

“அறுத்த கோழிக்குக்கூடத்தான் காலு துடிக்குது. வேலையப் பாரு.”

டோர்க்கஸ் பார்க்கக் கூடாதென்றுதான் நினைத்தாள். கண் கேட்கவில்லை. அந்த வெளிறிய வாய் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப மென்றது.

குதிக்கல.

குதிக்கவில்லையென்றால் ராஜாவுக்கு உரிமையில்லை. கெசையாவை வீட்டுக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்கலாம். டோர்க்கஸுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் வேண்டும். இதைச் சொன்னபோது ஜெமைமா உதட்டைப் பிதுக்கினாள். “ஒருத்தி சொன்னாப் பைத்தியம்பாங்க. கொட்டகையே சத்தியம் பண்ணினாத்தான் மாஜிஸ்திரேட்டு அசைவாரு. யாரு பண்ணுவா?”

அடுத்த கூடை வந்தபோது டோர்க்கஸ் வாயசைத்துக் கேட்டாள். “உன்னத் தள்ளினது யாருடி?”

கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. சத்தமில்லாமல் கேட்டால் ரகசியமா? அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் உதடு படிக்கத் தெரியும். தூணோரம் நின்றிருந்த தறி மேஸ்திரி எனோக் ஷார்ப்பிள்ஸ் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். எழுப்பினதுகளை என்ஜினுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் அடைத்து வைப்பவரும் அவர்தான்.

அவர் நிதானமாக நடந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். கெசையாவின் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். பிறகு டோர்க்கஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாயசைத்தார்.

“வீட்டுக்குக் கால்வாக் கரை வழியாத்தானே போற? வழுக்கும், பொண்ணே. பாத்துப் போ.”

அன்று சாயங்காலம் டோர்க்கஸ் கால்வாய்ப் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கதவுக்குப் பின்னால் மேசையை நகர்த்தி வைத்தும் கண் மூடவில்லை. நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் தேடி வருவார். போனால் கண்ணெதிரே இருப்பார். போகத்தான் வேண்டியிருந்தது.

காலையில் கூடை வந்தது. கெசையாவின் உதடுகள் பாவு நூலால் தைக்கப்பட்டிருந்தன. அந்தத் தையலுக்குள் வாய் இன்னும் முண்டிக்கொண்டிருந்தது.

டோர்க்கஸின் கை அவளைக் கேட்காமலே கைப்பிடியை இழுத்தது. தறி நின்றுவிட்டது. ஜெமைமா எரிச்சலோடு திரும்பினாள். தையலைப் பார்த்தாள். சொல்ல ஒன்றும் இல்லாத வாயை யார் மெனக்கெட்டுத் தைப்பார்கள்? ஜெமைமாவின் தறியும் நின்றது. நேற்றைய கேள்வியைப் படித்தவர்கள் எல்லோரும் இப்போது தையலைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகத் தறிகள் நின்றன.

“ஓட்டுங்கடி, நிறுத்தாதீங்க,” என்று எனோக் கத்தினார். அவர் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

கடைசித் தறியும் நின்றது. அப்போதுதான் கேட்டது.

கெசையாவின் தைத்த வாய்க்குள்ளிருந்து மெல்லிய முனகல் வந்தது. அதுகளுக்குக் குரல் இருந்தது. இத்தனை காலமும் கொட்டகையில் தறிச் சத்தத்திலும் நிலவறையில் என்ஜின் சத்தத்திலும் அது அமுங்கிக் கிடந்தது.

கெசையா மட்டுமல்ல. கூடை சுமந்த ஒவ்வொன்றும், தறிக்கடியில் ஊர்ந்த ஒவ்வொன்றும், வறண்ட தொண்டையால் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. குதிக்கல. குதிக்கல. எனோக் பின்வாங்கித் தூணில் முட்டிக்கொண்டார். கதவுப் பக்கம் பெண்கள் வழியை அடைத்து நின்றார்கள்.

டோர்க்கஸ் இடுப்பிலிருந்த நூல் கத்தரியை எடுத்தாள். தங்கையின் உதட்டுத் தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

கோடியில் துடைப்பத்தோடு நின்றவனும் அதையேதான் சொன்னான். ஜெமைமா முதல்தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“சேத்து,” என்றாள், “நீ எப்ப இருந்துய்யா சொல்லிட்டிருக்க?”