சுவரில் ஆயிரத்து இருநூறு

உண்ணாமலை அக்கா வீட்டுச் சுற்றுச்சுவரில் நீல பெயின்டில் 1200 என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு எண்ணும் என் இடுப்பு உயரம். மேலே சின்னதாக 'ரூம் வாடகைக்கு', கீழே அதைவிடச் சின்னதாக 'வைஃபை'. செங்கம் ரோட்டிலிருந்து ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் திரும்பியதுமே அந்த எண்தான் கண்ணில் அறைந்தது. அக்கா போனில் திட்டியதைக் கேட்டு வந்தவள், கடை ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். பத்து நாளைக்கு முன், கடையில் அக்காவுக்கு வைஃபை ரௌட்டர் பெட்டி விற்றபோது என் வாயிலிருந்து போன எண் அது. வாயால் சொல்லும்போது ஒன்றும் தெரியவில்லை. சுவரில்தான் அதன் அளவு தெரிந்தது.

"நீதான சொன்ன?" என்றாள் அக்கா. கேட்டைத் திறக்கவில்லை.

இதே சந்தில் பத்து வருஷம் மற்றவர்கள் லாட்ஜில் ரூம் பெருக்கித் துடைத்தவள் அவள். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் துணிந்து இந்த நாலு ரூம் வீட்டைக் குத்தகைக்கு எடுத்தாள். எடுத்த நாளிலிருந்து மூன்று ரூம் காலி. மாடி ரூமுக்குக் கோயமுத்தூரிலிருந்து முருகவேல் என்று ஒரு டாக்டர் வருவதாக இருந்தது, நான்கு மாதத்துக்கு. ஆஸ்பத்திரிகள் அனுப்பும் ஸ்கேன் படங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு படமும் கனமான ஃபைல். முந்தின நாள் வந்தவர் ரூமைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையையும் பார்க்கவில்லை. கீழே ஹாலில் இருந்த ரௌட்டரில் வயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் செருகினார். வேகம் 94 காட்டியது; அவருக்கு நூற்றைம்பதாவது வேண்டுமாம். வாசலுக்கு வந்து சுவரை ஒருமுறை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று போய்விட்டார்.

"அவரு வரலைன்னா வீட்டுக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துடுவான். நான் திரும்பத் தொடப்பத்தத் தூக்கினு போவணும்," என்றாள். "காலேஜ் படிச்ச பொண்ணு சொல்லுதுன்னுதான் வாங்கினேன். வேணு சொல்லியிருந்தா வாங்கியிருப்பனா?"

வேணு அண்ணன்தான் கடை முதலாளி. கடையில் எங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். பெட்டியைப் பிரித்து மேஜையில் வைத்து, பக்கத்திலேயே போனை வைத்து, வைஃபை செட்டிங்கில் 'இணைப்பு வேகம் 866' என்று வருவதைத் திறந்து காட்ட வேண்டும். வாங்க வந்தவர் கண் விரியும். உண்மையில் அது போனும் பெட்டியும் ஒரு அடி தூரத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். இன்டர்நெட் வரும் வேகமே இல்லை. அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கும் 1200 அதைவிட மோசம். உள்ளே இரண்டு அலைவரிசை, ஒன்றுக்கு முந்நூறு, இன்னொன்றுக்குத் தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டையும் கூட்டி மேலே போட்டிருக்கிறார்கள். எந்தப் போனும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். இது எனக்குத் தெரியுமா? பாதி தெரியும். தெரியாத பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் சம்பளம் வரும்.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடும் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். மூன்று வருஷம் பிராக்டிகல் வகுப்புக்குப் போனேன், ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. மீட்டரில் முள் ஆடாது. கேட்டால், "போன வருஷ ரெக்கார்டைப் பாத்து எழுதும்மா" என்பார்கள். எல்லோருக்கும் ஒரே விடை வந்தால் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினருக்குச் சந்தேகம் வருமாம், அதனால் கடைசி இலக்கத்தை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மாற்றிப் போட்டோம். அதற்குச் சிவப்பு மையில் டிக். என் அப்பா அந்த ரெக்கார்டு நோட்டைத்தான் பாலிதீன் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, கதவத் தொற. நான் பாக்கணும்."

"இன்னாத்தப் பாக்கப் போற?"

"தெரியல. அளந்து பாக்கணும்."

திறந்துவிட்டாள். என் பழைய லேப்டாப்பில் வயரைச் செருகி ஸ்பீடு டெஸ்ட் போட்டு அளந்தேன். 94.1. மறுபடி அளந்தேன். 93.9. சென்னை சர்வரை விட்டு மும்பை சர்வரைத் தொட்டுப் பார்த்தேன். 94.0. அரை மணி கழித்து, 94.0. பையிலிருந்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நேரத்தோடு எழுதிக்கொண்டே போனேன். பதினேழாவது முறை எழுதும்போது கை நின்றுவிட்டது. நான் ஒரு இலக்கத்தைக்கூட மாற்றவில்லை. அதுவாக வருகிறது. நான் என்ன சொன்னாலும், பெட்டியில் என்ன அச்சடித்தாலும், இந்த அக்கா சுவரில் என்ன எழுதினாலும், ஒன்றையும் காதில் வாங்காமல் அது போய் அங்கேதான் நிற்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒன்றை அளந்திருக்கிறேன்.

பெட்டியின் அடியில், எறும்பு எழுத்தில், காரணம் இருந்தது. கேபிள்காரர் இருநூறு அனுப்புகிறார். ஆனால் வயர் செருகும் துளை நூறுக்குமேல் வாங்காத துளை. அந்த நூறிலும் ஆறு எங்கே போகிறது என்று போனில் தேடிப் படித்தேன். அனுப்புவதை எல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடியின் தலையிலும் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று எழுதித்தான் அனுப்புகிறார்களாம். எழுதவே அந்த ஆறு செலவாகிவிடுகிறது. நொடிக்கு எட்டாயிரம் பொடி. ஒவ்வொன்றும் விலாசத்தோடு, இந்தச் சந்தைத் தேடிக்கொண்டு, இந்த ஹாலுக்கு. நான் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தைச் செய்கிற ஒன்றுக்கு எதற்குப் பொய் சொல்லி விளம்பரம்?

வேணு அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அக்காவுக்கு வேற பொட்டி மாத்திக் குடுங்க. துளை பெருசா இருக்கிறது ஒண்ணு மேல் அடுக்குல கெடக்குது."

"பிரிச்ச பொட்டிய எவன் வாங்குவான்? கம்பெனிக்காரன் போட்டுக்கீறான், நீ படிச்சுக் காட்டின. இதுல நம்ம தப்பு இன்னா?"

"இனிமே நான் அந்த 866-ஐ யாருக்கும் காட்ட மாட்டேன்."

"அப்ப இனிமே கடைக்கு வராத. ஞாயித்துக்கெழமக்குள்ள ஸ்கூட்டிய மட்டும் கொண்டாந்து வுட்டுட்டுப் போ."

"சரிண்ணே," என்று வைத்தேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்து, டம்ளரை என் முன்னால் வைக்கும்போது கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்கு வேலைய வெச்சுக்கத் தெரியல," என்றாள்.

மறுநாளும் அளக்கப் போனேன். மாடி ரூமில் வயர் இல்லாமல் போனில் அளந்தபோது 38 வந்தது. திடீரென்று 21. மறுபடி 38. எனக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால், படிக்கட்டு வாசலில் அக்கா நிற்கிறாள்.

"அக்கா, கொஞ்சம் நவுரு."

நகர்ந்தாள். 38.

"திரும்ப நில்லு."

22.

"நானா?" என்றாள். "நானா தடுக்கிறேன்?" போனை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் நின்றாள். இறங்கியது. விலகினாள். ஏறியது. கோபமெல்லாம் மறந்து நாலைந்து தடவை நின்று நின்று விலகினாள். "எத்தினிடி? இப்ப எத்தினி?"

"இருபது."

"நான் இன்னா செவுரா? என் ஒடம்புல இன்னாகீது அதத் தடுக்க?"

"தண்ணிக்கா. மனுசன் பாதிக்கு மேல தண்ணிதான். தண்ணி அதக் குடிச்சிரும்."

"அப்ப மிச்சம் இருபது?"

"சுத்திக்கினு வருது, செவுத்துல பட்டுத் திரும்பி வருது. கொஞ்சம் உன் வழியாவும் வருது."

அவள் தன் உள்ளங்கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தின்ற கை. நெடுநேரம் பார்த்தாள். "பத்து வருசம் இந்தச் சந்துல எத்தினி வீட்டுல நின்னிருப்பேன், அப்பலாம் என் வழியாப் போயிருக்குமா?" என்றாள். மேக்ஸ்வெல் சமன்பாடுகளைப் பதினாறு மார்க்குக்காக நெட்டுருப் போட்டவள் நான். இந்தக் கேள்வியை அதற்குள் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமியாக அமைந்துவிட்டது. மத்தியானத்திலிருந்தே கிரிவலக் கூட்டம் ஏறியது. மூன்று மணிக்கு ஊரில் எந்தப் போனிலும் நெட் இல்லை. எல்லோரும் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மலையைச் சுற்றி லட்சக்கணக்கில் ஜனம், எல்லோர் போனுக்கும் அதே டவர், அத்தனை உடம்பிலும் தண்ணீர். காற்றுக்கு எப்படி மூச்சுத் திணறும் என்று யோசித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கடை வாசலில் விட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு நடந்து வந்தேன்.

அக்கா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தாள். ஒரு பூச்சுதான். ஈரம் காயக் காய அடியிலிருந்து 1200 மங்கலாக மேலே வந்துகொண்டிருந்தது. அதன் மேலேயே பிரஷ்ஷால் 94 என்று இழுத்துக்கொண்டிருந்தாள். நாலின் கால் கோணலாக இறங்கியது.

"இத்தப் பாத்து எவன் வருவான்?" என்றேன்.

"வராட்டிப் போறான். வாசல்ல வெச்சுக் கேட்டாத் தலையக் குனியாம பதில் சொல்லுவேன் இல்ல."

டாக்டர் ஐந்து மணிக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தோளில் பை, சட்டையெல்லாம் வியர்வை. "எட்டு இடம் பாத்துட்டு வரேனுங்க. எல்லாப் பக்கமும் முந்நூறு, ஐநூறுங்கறாங்க. போட்டுப் பாத்தா இன்னைக்குச் சுத்திக்கிட்டேதான் இருக்குதுங்க," என்றவர் சுவரைப் பார்த்து நிறுத்தினார்.

"அதுதான் சார் வரும்," என்றேன். "அன்னிக்கு எழுதியிருந்தது பொய். நான் சொன்ன பொய். உங்களுக்கு நூத்தம்பது வேணும்னா இந்தப் பொட்டில வராது. மாடில வயர் இல்லாம முப்பத்தெட்டு. வயர் இழுத்தா தொண்ணூத்தி நாலு." பில் புத்தகத்தை நீட்டினேன்.

அவர் உடனே வாங்கிப் படிக்கத் தொடங்கினார். மூன்று நாள், அறுபத்தொரு அளவு, நேரத்தோடு. ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஸ்கேன் பிலிமைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலு மாறாம வந்தா நான் சமாளிச்சுக்குவனுங்க. இன்னைக்கு, இந்தக் கூட்டத்துலயும் இதேதான் வருமுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. பௌர்ணமியில் நான் அளந்ததே இல்லை. "போட்டுப் பாப்போம் சார்," என்றேன்.

ஹாலில் லேப்டாப்பைத் திறந்து, வயரைச் செருகி, பொத்தானைத் தட்டினேன். வெளியே ஆயிரம் வெறுங்கால்கள் தார் ரோட்டில் தேய்கிற சத்தம். முள் எழுந்தது. முப்பது, ஐம்பது, எழுபத்தொன்று. டாக்டர் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

வயருக்கு யாரும் குறுக்கே நின்றால் ஒன்றும் ஆகாது. அதை அக்காவுக்குச் சொல்ல மறந்திருந்தேன். நீலம் படிந்த பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டிக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்து ஓசைப்படாமல் இரண்டடி தள்ளிப் போய், சுவரோடு சுவராக ஒட்டி நின்று, அது போக வழிவிட்டாள்.