காவடிக்கு மூன்று நாள்

பிள்ளை பெற்ற என் மனைவி கல்பனாவை ஆஸ்பத்திரியிலிருந்து வயிற்றுத் தையலோடு வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், பத்து நாள் லீவு கேட்டு சூப்பர்வைசர் பரணிதரன் முன்னால் போய் நின்றேன். அவளுக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. பக்கத்து வீட்டுத் தாயம்மாள் தறியில் உட்காராத நேரத்தில் எட்டிப் பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட கல்பனாவுக்கு ஒரு கை வேண்டும்.

"புள்ள பெத்தது நீயாய்யா?" என்றார் பரணிதரன். லைனில் நின்றவன் எல்லாம் சிரித்தான். யோபு, மூன்று பிள்ளைக்கு அப்பன், அவனும் சிரித்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் கேன்டீன் சுவரில் பெரிய படம் ஒன்று உண்டு. கம்பெனியின் சொந்த ஊரான ஸ்வீடனில் ஒரு வெள்ளைக்காரன் கைக்குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு நிற்கிறான். அங்கே அப்பனுக்கும் மாதக்கணக்கில் லீவாம். வெளியாள் யார் வந்தாலும் பரணிதரன்தான் பெருமையாகக் காட்டுவார். அதையே அவருக்குக் காட்டினேன்.

"அது அந்த ஊரு சட்டம்யா. இங்க நீ போனா, உன் எடத்துக்கு ஒம்போது பேரு கேட்ல நின்னுகினு கீறான்."

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி என்றால் மட்டும் கேள்வியே இல்லை, மூன்று நாள் லீவு. மறுநாள் வேண்டுதல் காவடி என்று பொய் சொன்னேன். முருகனிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை மூடிவிட்டார்.

"புள்ள பொறந்த தீட்டோடயா மலை ஏறுவ?"

தீட்டு என்ற ஒன்று அதுவரை என் மண்டையில் உறைக்கவேயில்லை.

இன்று காலை தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கல்பனா சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள், முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை வீறிட்டது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். மகளைத் துணியோடு அள்ளிக்கொண்டு போய், வேன் முன்சீட்டில் இருந்த பரணிதரனிடம் நீட்டினேன்.

"கொஞ்சம் புடிங்க சார். டிபன் பாக்ஸ் எடுத்துகினு வந்துர்றேன்."

அவர் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னாய்யா நீ! தீட்டு! சாயந்திரம் நான் மலைக்குப் போவணும்."

"மலைக்குத் தீட்டு. உங்க மெஷினுக்கும்தான் பொட்டு வெச்சி கற்பூரம் காட்டுறீங்க. அத நான் தொட்டா மட்டும் தீட்டு இல்லியா?"

வேனுக்குள் யாரும் சிரிக்கவில்லை. யோபு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குழந்தையை இன்னும் கிட்டே நீட்டினேன். பரணிதரன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையின் கயிறு அவள் உள்ளங்கையில் பட்டது. விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள். அவர் பின்னால் சாயச் சாய, கயிறு இழுபட்டுக்கொண்டே வந்தது.