முதுகில் மாட்டும் கிளிப்

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது கைப்பிள்ளை உருண்டையும் கூடவே போகும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் என்றால் அக்காவும் தம்பியும், அதாவது நாத்தனாரும் புருஷனும். பெற்றவளிடம் யாரும் கேட்கவில்லை, சொன்னார்கள், அவ்வளவுதான்.

பெற்றவள் சாவிக்காரி. பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு பெட்டிக்கடையில் சாவி வெட்டுவாள், பூட்டுப் பழுது பார்ப்பாள். உருண்டை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய சமயத்தில், யாரோ ஒருவரின் கடை ஷட்டரைத் திறக்க ஏணியில் ஏறி, வழுக்கி, வலது தோள் அடிபட விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது, முதுகுப் பக்கம் போகவே போகாது. முன்னால் வைத்துக்கொண்டு அரம் பிடிக்கலாம், ஸ்க்ரூ திருகலாம். கனமாக எதையாவது தூக்கினால் உயிர் போகும். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் மருத்துவர். இதைச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டுமா என்று சாவிக்காரி கேட்டாள், வீட்டுக்கு வந்த பிறகு.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் நாலைந்து நாள் ஆளைப் பார்க்க முடியாது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒற்றைக் கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிக் கதவைப் பூட்டுவது, எப்படிப் படி இறங்குவது? அதனால்தான் நாத்தனார் லீவு போட்டு வந்து இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பிள்ளை சிணுங்கினால் பெற்றவளுக்கு முன்னால் எழுந்து ஓடுவார். தாய் மடியில் சும்மா கிடக்கிற பிள்ளையைக்கூட, "குடு இங்க, கை வலிக்கும் உனக்கு" என்று வாரிக்கொண்டு போய்விடுவார். சாவிக்காரி காலி மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"நான் வேலை செய்யறதே பிள்ளைங்க காப்பகத்துல. கூடவே வெச்சுக்கறேன். உன் கை சரியாகட்டும், கொண்டாந்து விட்டுடறேன். நான் என்ன அதைத் தின்னுடவா போறேன்?"

"கையில தூக்கறதுதானே அக்கா கஷ்டம்? மேல கட்டிக்கிட்டா?" என்றாள் சாவிக்காரி. "ஒரு பேபி கேரியர் வாங்கறேன். நானா மாட்டிக்கிட்டு, கதவைப் பூட்டிக்கிட்டு, கீழ போய் மேல வந்துட்டேன்னா பிள்ளை இங்கதான் இருக்கும்."

"கேரியர்னா எனக்குத் தெரிஞ்சது சாப்பாட்டுக் கேரியர்தான்," என்றார் நாத்தனார். "சரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள செஞ்சு காட்டு."

அன்று சாயங்காலமே குடும்பமாகக் கடைக்குப் போனார்கள். விற்பனைப் பெண் படபடவென்று எடுத்துப் போட்டாள். கடைசியில் மெத்தென்று ஒன்று வந்தது. இடுப்புக்கு அகலமான பட்டை, தோளுக்குப் பஞ்சு வைத்த வார்கள், அவற்றை இழுத்துச் சேர்க்க முதுகுக்கு நடுவில் ஒரு கிளிப். புருஷன் பிள்ளையைத் தூக்கி வைத்தான், நாத்தனார் கால்களைச் சரி செய்தார், விற்பனைப் பெண் பின்னால் போய் டக்கென்று கிளிப்பைப் போட்டாள். "ரொம்ப ஈஸி மேடம்." எல்லோரும் தலையாட்டினார்கள். உருண்டையின் தலை சரியாக முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருந்தது. பிள்ளையின் கனம் முழுசாகத் தன் மேல் இருந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தவுடன் சாவிக்காரிக்கு அழுகை வந்தது. கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை லாரி கிளம்பிப் போயிற்று. நாத்தனார் டிக்கெட் எடுக்கப் போனார். பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டு அவள் பட்டையைக் கட்டினாள், கட்ட முடிந்தது. தோளில் வார்களைப் போட்டாள்; போட முடிந்தது. முதுகுக்கு இடது கை போயிற்று. வலது கை போகவில்லை. கிளிப்பின் ஒரு பாதி விரலில் இருந்தது, மறு பாதி எங்கேயோ தொங்கியது. சரி, முதலிலேயே கிளிப்பைப் போட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டலாம் என்று பார்த்தாள். வார் இறுக்கமாக இருந்தது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால்தான் நுழையும். பாதியில் சிக்கிக்கொண்டு நின்றாள். உருண்டைக்கு இது வேடிக்கையாக இருந்தது போல, காலை உதைத்துச் சிரித்தது.

ஒருவழியாக வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று கடையில் அவள் எதையுமே மாட்டவில்லை. அவள் கை போவதற்குள் யாராவது ஒருவர் கை போய்விட்டது. பெட்டிக்கடையில் அவள் எந்தச் சாவியையும் அப்படிக் கொடுக்கமாட்டாள். பூட்டை நீட்டி, வாங்குகிறவரையே திருகிப் பார்க்கச் சொல்வாள். அவர் கைக்குத் திறந்தால்தான் வேலை முடிந்தது. அப்படிப்பட்டவள், மூன்று பேர் சேர்ந்து திருகிய சாவியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அந்த வார்த்தைகளை எழுதினால் நன்றாக இருக்காது.

நாத்தனார் வந்ததும், "ஒரு சின்ன வேலை அக்கா" என்று கிளம்பினாள். பெட்டிக்கடையில் கிடந்த பழைய பூட்டுகளைத் துணிப்பையில் போட்டு, உருண்டையின் கனம் வந்துவிட்டது என்று மனசுக்குப் பட்டபோது வாயைக் கட்டினாள். அதை இடது தோளில் போட்டு, வாங்கிய கேரியரையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனாள்.

"இதை மாத்தணும்மா. இந்தத் தடவை நீ கையைக் கட்டிக்கிட்டு நில்லு. நான் கீழ விழுந்தாலும் தொடக் கூடாது."

"பையில என்ன மேடம், கலகலங்குது?"

"எம் பிள்ளைதான். கொஞ்ச நேரத்துக்குப் பூட்டா இருக்கான்."

நீளத் துணியைச் சுற்றிக் கட்டுவது ஒன்று. அதற்கும் முடிச்சு முதுகில்தான். ஒற்றைத் தோளில் தொங்குவது ஒன்று. குனிந்ததும் பூட்டுகள் நழுவின. விற்பனைப் பெண் பாவம், கையைக் கட்டிக்கொண்டு நெளிந்தாள். உதவி செய்யாமல் நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். முதுகில் கிளிப்பே இல்லை. வார்கள் குறுக்காகத் தைத்தே வந்தன, தாராளமாகத் தளர்த்தலாம். சாவிக்காரி சட்டை போடுகிற மாதிரியே போட்டாள்: வலிக்கிற கை முதலில், பிறகு தலையைக் குனிந்து, பிறகு நல்ல கை. இடுப்புக் கிளிப் முன்னால், இழுத்து இறுக்குகிற வாரும் முன்னால். பூட்டுப் பையை உள்ளே இறக்கினாள். நடந்தாள், உட்கார்ந்தாள், முட்டி மடக்கி எழுந்தாள். கழற்றிவிட்டு மறுபடி மாட்டினாள்.

"இதை யாரும் வாங்கறதில்லை மேடம், பாக்க நல்லா இல்லன்னு."

"நானும்தான் பாக்க நல்லா இல்ல. பில் போடு."

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நாத்தனாரின் பெட்டி, அதற்குள் உருண்டையின் துணிகளும். முந்தின நாள் திரும்பியிருந்த புருஷன் ஆட்டோவைக் கூப்பிடப் போனை எடுத்தான்.

"வைங்க போனை. ரெண்டு பேரும் அந்தச் சுவரோரமா நில்லுங்க," என்றாள் சாவிக்காரி.

வலது கை, தலை, இடது கை. இடுப்புக் கிளிப். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு சாய்த்து உள்ளே இறக்கினாள். பூட்டு துள்ளாது, உருண்டை துள்ளியது. ஒரு கால் மாட்டிக்கொண்டது. புருஷனின் கை தானாக முன்னால் வந்தது.

"தொடாதீங்க."

அவன் கையை எடுத்துப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். அவள் மெதுவாகக் காலை விடுவித்தாள், வாரை இறுக்கினாள், மூக்கும் வாயும் மூடாமல் இருக்கிறதா, தாடை நெஞ்சில் அழுந்தாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். வெளியே போய், இருவரையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினாள். இல்லாவிட்டால் பின்னாலேயே ஓடிவருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். தெருவில் ஒரு நிமிஷம் வெயிலில் நின்றாள். திரும்ப ஏறும்போது மூச்சு வாங்கியது, தோள் வலிக்கவில்லை. சந்தோஷத்தில் சாவியைத் தலைகீழாக நுழைத்து, மறுபடி நுழைத்துத் திறந்தாள்.

சொன்ன இடத்திலேயே நின்றிருந்தார்கள். புருஷன் அசடு வழியச் சிரித்தான். நாத்தனார் பெட்டியைத் திறந்தார். உருண்டையின் துணிகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினார். மடிப்புக் கலைந்ததை மறுபடி மடித்தார். பெட்டி முக்கால்வாசி காலியாகிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நின்ற சாவிக்காரி அதைப் பார்த்தாள். இந்தப் பெட்டியோடு இந்த மனுஷி எப்படித் தனியாகப் போவார் என்று அப்போதுதான் நினைத்தாள்.

நாத்தனார் கிட்டே வந்தார். வழக்கம்போல நீண்ட கைகள் பாதியில் நின்றன.

"நான் ஒரு தடவை தூக்கிக்கட்டுமா?"

இத்தனை நாளில் அவர் கேட்டுவிட்டுத் தூக்கியது அன்றைக்குத்தான்.