வார்னிஷ் பூசிய ஆறு

நகராட்சி அலுவலகத்தில் மாட்டியிருந்த ஆற்றுப் படத்துக்கு மண்ணக்கா வார்னிஷ் பூசிய அன்று, ஊருக்கு நடுவே ஓடிய ஆறு காலை பத்தே கால் மணிக்கு நின்றது. வற்றவில்லை, பளபளவென்று கெட்டியாகி நின்றது. நடு ஆற்றில் துடுப்பை உயர்த்திய அவளுடைய தம்பி, ஓடக்காரன், படகோடு அப்படியே நின்றுபோனான். துடுப்பு நுனியில் தொங்கிய சொட்டு கீழே விழவில்லை.

கடைச் சாயம் தொடாததால்தான் அவளுக்கு மண்ணக்கா என்று பெயர். எதை வரைகிறாளோ அது இருக்கிற இடத்து மண்ணில்தான் வரைவாள். மேட்டுக்கு மேட்டின் செம்மண், கரைக்குக் கரையின் களிமண், தண்ணீருக்கு ஆற்றின் அடிச்சேறு. தம்பியை வரைய அவனுடைய பழைய துடுப்பைச் சுட்டுக் கரியெடுத்தாள். வேப்பம்பிசினில் குழைத்துத் துணியில் பூசுவதோடு சரி, மேல்பூச்சு கிடையாது. "மண்ணு மூச்சு விடணும்" என்பாள். அதனால் ஆற்றில் நீர் ஏறினால் படத்திலும் ஏறும். வெள்ளம் எவ்வளவு என்று பார்க்க ஊரார் அலுவலகத்துக்குத்தான் போவார்கள். மழைக்காலத்தில் படச்சட்டத்தின் அடிவிளிம்பு ஒழுகி வீட்டுவரிக் கோப்புகள் நனைந்தன. "மேல எதையாவது பூசும்மா, இல்லன்னா கழட்டிடுவோம்" என்றார் தலைமை எழுத்தர். அவள் படம் தொங்கிய ஒரே பொதுச்சுவர் அது. போய் ஒரு டப்பா வார்னிஷ் வாங்கி வந்தாள். யார் மேலும் பழி போட வழியில்லை, தூரிகை அவள் கையில்தான் இருந்தது.

முதல் நாள் ஊர் பயந்தது. இரண்டாம் நாள் ஒருவன் ஆற்றின் மேல் சைக்கிள் விட்டான். மாதம் முடிவதற்குள் அக்கரைச் சந்தைக்குப் போகிறவர்கள் ஓடக்காரனைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். களைத்தவர்கள் அவன் படகில் பையை வைத்து இளைப்பாறினார்கள். அவன் மூக்கருகே கண்ணாடி பிடித்தால் லேசாக ஆவி படிந்தது, அவ்வளவுதான் உயிருக்கு அடையாளம். அப்போது மூன்று மாதக் கர்ப்பமாயிருந்த அவன் மனைவி தினமும் நடந்துபோய் அவன் முகத்துத் தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வருவாள். பெண் பிறந்தது. அது ஆற்றின் மேல்தான் தவழ்ந்தது, அப்பாவின் படகு விளிம்பைப் பிடித்துத்தான் எழுந்து நின்றது.

மண்ணக்கா சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. வார்னிஷைக் கரைக்கும் டர்பன்டைன் தொட்டுப் படத்தின் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தாள். கரையிலிருந்த மூன்று மரங்கள் அடிவேர்கூட இல்லாமல் மறைந்தன. அதோடு கையைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு வழியும் அவளுக்குத் தெரியும். பூச்சு படாத பின்பக்கத்தை நனைத்தால் சேறு நீரைக் குடித்து ஊதி வார்னிஷைத் தள்ளிவிடும். ஆறு விடுபடும், படம்தான் வழிந்து போய்விடும். அதற்கு அந்த ஆற்றின் நீரேதான் வேண்டும். ஆற்று நீருக்கு எங்கே போவது என்று எல்லாரிடமும் அலுத்துக்கொள்வாள், ஒருவர் வீட்டிலும் போய்க் கேட்டதில்லை. தூரத்து ஊர்க்காரர்களெல்லாம் வந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இரண்டு வருடம் ஓடியது. கூடப் பிறந்தவன் வெயிலில் நிற்க, அவள் தின்றாள், தூங்கினாள், தின்றதற்கும் தூங்கியதற்கும் தன்னையே வெறுத்தாள்.

மூன்றாவது கோடையில் படத்தில் வார்னிஷ் விரிசல் விட்டது. ஆற்றிலும் அதே இடத்தில் விட்டது. இடது கரையிலிருந்து நாளுக்கு ஒரு முழமாகப் படகை நோக்கி நகர்ந்தது. வழியில் உறைந்திருந்த ஒரு கொக்கை அது கடந்தபோது, கொக்கு மண்பானை போல இரண்டாக உடைந்து விழுந்தது. அன்று சாயங்காலமே தம்பி மனைவி மூடிய குடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்ணக்கா வீட்டுக்கு வந்தாள்.

"அவரு நின்னுபோன அன்னிக்குக் காலையில மொண்டு வெச்ச தண்ணி, அண்ணி."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"மூணு மரம் போனதைப் பார்த்தேனே. பயமா இருந்துச்சு. நீங்களா வந்து கேட்டிருந்தா தைரியம் வந்திருக்கும்."

மறுநாள் அலுவலகம் திறந்ததும் இருவரும் போய்ப் படத்தைக் கழற்றினார்கள். "பாதை போயிடுமேம்மா, அக்கரைக்கு எப்படிப் போறது?" என்று தலைமை எழுத்தர் பதறினார். "முன்ன மாதிரி ஓடத்துலதான்" என்றாள் ஓடக்காரன் மனைவி. ஆற்றில் நடந்தவர்களைக் கரையேற்ற அரை மணி நேரம் பிடித்தது. ஒரு தையற்காரர் மட்டும் கடைசிவரை நம்பாமல் இடுப்புவரை நனைந்தார். மண்ணக்கா படத்தைச் சுவரில் திருப்பிச் சாய்த்து, குடத்து நீரைக் கையால் அள்ளி அள்ளித் துணியில் அப்பினாள். வார்னிஷ் வெங்காயச் சருகாக உரிந்தது. மேடு வழிந்தது, கரை வழிந்தது. தம்பியின் கரி உருவம் கரைந்து தரையில் இறங்கியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்ட பிறகும் திறக்கப் பயமாயிருந்தது.

ஓடக்காரன் இரண்டு வருடத்துக்கு முன் உயர்த்திய துடுப்பை இறக்கி, இழுத்து, கரைக்கு வந்துகொண்டிருந்தான். ஓடி வந்த அக்காவைப் பார்த்ததும், "என்னக்கா இவ்வளவு கூட்டம்? காலையிலேருந்து மூணே சவாரிதான்" என்று சலித்துக்கொண்டான். அதற்குள் மனைவி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிய குழந்தை, வழக்கம்போல அப்பாவிடம் போக ஆற்றில் கால் வைத்தது. ஆறு மாறிவிட்டதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஓடும் நீரின் மேல் தத்தித் தத்தி நடந்துபோய்ப் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "யாரு பிள்ளை இது?" என்று கத்தினான். "தண்ணிக்கிட்ட இப்படியா விடுவாங்க?"

மூன்று மரங்கள் திரும்பவில்லை. அலுவலகச் சுவரில் இப்போது காலண்டர் தொங்குகிறது. ஓடக்காரன் அக்கரைக்குத் துடுப்புப் போடும்போது மகள் படகுக்குப் பக்கத்தில் நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். ஏறிக்கொள் என்றால் கேட்பதில்லை. கணுக்கால் வரைதான் நனையும். சாயங்காலம் திரும்புகையில் அந்தக் கால்களைத் துடைக்க, மரங்கள் நின்ற வெற்றிடத்தில் அத்தைக்காரி துண்டோடு நிற்கிறாள்.