முப்பத்திரண்டு விழுக்காடு

எங்கோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்றுதான் லோஷினி முதலில் நினைத்தாள். திரையில் முப்பத்திரண்டு விழுக்காடு என்று இருந்தது. அவள் ஐந்தை எதிர்பார்த்திருந்தாள்.

மலேசியாவின் பத்து பகாட் நகரில் துணி நெய்து சாயமேற்றும் அந்தத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். சர்வரில் இடம் நிரம்பிக்கொண்டே வந்தது. புதிதாக வாங்கப்போகும் சேமிப்புப் பெட்டி, ஒரே தரவு பத்து இடத்தில் கிடந்தாலும் ஒரு தடவைதான் வைத்துக்கொள்ளும். மிச்சத்தையும் சுருக்கி வைக்கும். அதனால் எவ்வளவு இடம் மிச்சமாகும் என்று தெரிந்தால் அதற்கேற்ற அளவில் வாங்கலாம் என்றார் நிர்வாகி மதிவாணன்.

"எனக்கு விளக்கமெல்லாம் வேணாம் லோஷினி. புதன்கிழமைக்கு ஒரே ஒரு நம்பர் கொடு."

அலுவலகக் கோப்புகளுக்கு நாற்பத்தெட்டு விழுக்காடு வந்தது. அதில் வியப்பில்லை. ஒரே கடிதத்தை ஆளுக்கு ஆறு நகல் வைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு காட்டிக் குழப்பியது தரச்சோதனைப் படங்கள்தான். மூன்று லைன்களிலும் துணி ஓட ஓட, மீட்டருக்கு ஒன்றாகக் கேமரா எடுத்த எட்டு மாதப் படங்கள் அவை.

மறுபடி ஓட்டினாள். அதே முப்பத்திரண்டு. வேறொரு கருவியை இறக்கி அதையும் ஓட்டினாள். மாறவில்லை. பெட்டி விற்கும் நிறுவனத்தின் சுகுமாறனுக்குப் போன் போட்டாள்.

"சான்ஸே இல்லை லா," என்றான் அவன். "போட்டோ ஏற்கெனவே சுருக்கினதுதானே. அதுவும் ஒவ்வொண்ணும் வேற வேற துணி. அஞ்சு கிடைச்சாலே பெரிசு. நீங்க காப்பி பண்ணின ஃபோல்டரை ரெண்டு தடவை எண்ணிட்டீங்கபோல."

எண்ணவில்லை. அவள் மூன்று முறை பார்த்துவிட்டாள். கருவி இன்னொரு கணக்கும் காட்டியது. சுருக்கியதால் கிடைத்தது ஒன்றுமில்லை, முழுக்க முழுக்க நகல்களை நீக்கியதால் வந்த மிச்சம். துணியில் ஒரு நூல் இடம் மாறினாலே படம் வேறாகிவிடும். அப்படியிருக்க நகல் எங்கிருந்து வரும்?

மதிய உணவுக்குப் போகாமல் லைன் வாரியாகப் பிரித்து ஓட்டினாள். முதல் லைன் மூன்று. இரண்டாவது நான்கு. மூன்றாவது லைன் தொண்ணூறு.

மூன்றாவது லைனின் படங்களைத் திறந்தாள். சாம்பல் நிறத் துணி, இடது ஓரத்தில் சின்னதாய் ஒரு சுருக்கம். அடுத்த படத்திலும் அதே சுருக்கம். மார்ச், மே, போன வாரம், எதைத் திறந்தாலும் அதே சுருக்கம்தான். கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் மட்டும் ஒழுங்காக மாறிக்கொண்டிருந்தன. ஜனவரி மூன்றாம் வாரம்வரை போனபோதுதான் வேறு படங்கள் வந்தன.

யாரோ சோதனை செய்யாமல் ஒரே படத்தை நகலெடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்களா? அந்த லைனுக்குப் பொறுப்பு ஷிரீன் அக்கா. பதினோரு வருடமாக இங்கே வேலை செய்கிறவர். ஜூன் மாதம் சிங்கப்பூரிலிருந்து மூன்று துணிச் சுருள்கள் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தபோது, கேமரா எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறது, கறை உங்கள் ஆட்கள் மடிக்கும்போதுதான் பட்டிருக்கும் என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இப்போது இதை எப்படிப் போய்க் கேட்பது?

கேட்காமலும் இருக்க முடியவில்லை. கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். இயந்திரச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, இந்தத் துணி இன்னிக்கு ஓடுதா?"

ஷிரீன் குனிந்து பார்த்தார். "இந்தச் சாம்பலா? அது ஜனவரியிலேயே முடிஞ்சிருச்சே மா. இப்ப நீலம்தானே ஓடுது. ஏன்?"

நீலம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் திரையில் பெரிய பச்சை எழுத்தில் 'சரி' என்று மின்னியது. அதன் மூலையில், தபால்தலை அளவில், சாம்பல் நிறப் படம். கேமராவில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அக்கா, கேமராவுக்கு அடியில கையை நீட்டுங்களேன்."

ஷிரீன் தயங்கித் தயங்கி உள்ளங்கையை நீட்டினார். திரையில் கை வரவில்லை. சாம்பல் துணிதான் இருந்தது. பச்சை எழுத்தும் மாறவில்லை.

"அலமாக், என்னம்மா இது!" என்றார் ஷிரீன். கையை எடுக்கவே இல்லை.

கேமரா பொருத்திய மேடைக்குப் பின்னால் தரவு வயர் பாதி கழன்று தொங்கியது. மின்சாரம் வேறு வயரில் போனதால் விளக்கு மட்டும் எரிந்திருக்கிறது. புதுப் படம் வராதபோதெல்லாம் மென்பொருள் கடைசியாக வந்ததையே எடுத்து, புது நேரத்தைப் பெயராக வைத்துச் சேமித்திருக்கிறது. அந்த ஒரு மீட்டர் துணி நன்றாக இருந்ததால் ஏழு மாதத் துணியும் நன்றாகிவிட்டது.

லோஷினி மதிவாணனைக் கூப்பிட்டாள். அவரும் வந்து கையை நீட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்த நம்பர்?" என்று கேட்டார்.

"மூணாவது லைனைக் கணக்குல சேர்க்காதீங்க பாஸ். படத்துக்கு மூணு பெர்சென்ட்னு போட்டுக்குங்க. பெரிய பெட்டியாத்தான் வாங்கணும்."

"முப்பத்திரண்டு போய் மூணா?"

"முப்பத்திரண்டு வந்ததே வயர் கழண்டதாலதான். அந்த நம்பரை நம்பி வாங்கியிருந்தா, வயரை மாட்டின மறுமாசமே பெட்டி நிறைய ஆரம்பிச்சிருக்கும்." அவருக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. இவ்வளவு சுற்றிப் போனதில் அவளுக்கே தலை கிறுகிறுத்தது.

வெள்ளிக்கிழமை ஷிரீனின் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதைச் சொல்லி வந்த புதிய கடிதத்தை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு முறை படித்தார். மகிழ்ச்சியாக இருப்பார் என்று எதிரே உட்கார்ந்திருந்த லோஷினி நினைத்தாள். அவர் முகம் அப்படி இல்லை.

"ஏழு மாசம் மா. தினமும் அந்த ஸ்கிரீனுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன். நீலத் துணி ஓடுது, சாம்பல் படம் காட்டுது. எப்படி என் கண்ணுல படாம போச்சு?"

பிப்ரவரியில் அதே திரையைத் துடைத்து, அதன் வயர்களைச் சரிபார்த்து, கையெழுத்தும் போட்டவள் லோஷினி. அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆறிப்போன தே தாரிக் தேநீரை இருவரும் குடித்து முடித்தார்கள்.