மாமனாரின் கால் அளவு

மாமனாரின் வாழ்நாள் லட்சியம் எடையைக் குறைப்பது. தொப்பையில் அல்ல, சைக்கிளில். தன் சைக்கிளில் செதுக்க இனி எதுவும் மிச்சமில்லை என்றானதும் மாப்பிள்ளையின் சைக்கிள்மேல் கண் வைத்தார்.

மாப்பிள்ளை குடியிருப்பது மாமனாரின் மாடியில், வேலை பார்ப்பது மாமனாரின் டைல்ஸ் கடையில். ஞாயிறு வந்தால் ஓய்வுக்காக மாமனாரின் பின்னாலேயே சைக்கிள் மிதிக்க வேண்டும். இத்தனைக்கும் மருந்தாக வேறோர் ஊரில் வேலை ஒன்று தகைந்திருந்தது. இன்று காலை ஃபோனில் கூப்பிடுவார்கள். வருகிறேன் என்றால் அவனுக்கு, இல்லையென்றால் அடுத்தவனுக்கு.

"முதல்ல அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்று மனைவி கீழே தள்ளிவிட்டாள்.

அவன் வாய் திறப்பதற்குள் மாமனார் ஒரு கறுப்புக் குழாயை நீட்டினார். சீட்டைத் தாங்கும் கம்பி, கார்பன்.

"பிடிச்சுப் பாருங்க மாப்ளே. கையில இருக்கறதே தெரியல, இல்ல?"

"பழசே நல்லாத்தான இருக்கு மாமா."

"அது உலக்கை. இதுலயும் கீழ கொஞ்சம் வெட்டியா நீண்டிருந்துச்சு, அறுத்துட்டேன்."

சக்கரங்களை ஏற்கெனவே கழற்றித் தராசில் வைத்திருந்தார். ரிப்பேரின்போது சைக்கிளை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு, சீட்டுக் கம்பியைத்தான் கவ்வும். சைக்கிளின் மெல்லிய குழாய்களைக் கவ்வினால் அப்பளம். எனவே பழைய கம்பி வெளியே வந்ததும் ஸ்டாண்டின் வேலை மாப்பிள்ளையிடம் வந்தது. இரண்டு கையாலும் சைக்கிளை அந்தரத்தில் ஏந்தி நின்றான்.

"மாமா, ஒரு விஷயம்..."

"பேசாதீங்க, கை ஆடுது." மாமனார் நறநறவென்ற பசையைக் கம்பியில் பூசினார். "இதுக்கு கிரீஸ் ஆகாது, வழுக்கும். இந்தப் பசை ஒரு தடவை பிடிச்சா விடவே விடாது."

அப்போது மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது.

"மாமா, அது எனக்கு..."

"நீங்க ஆடாதீங்க, நான் பாத்துக்கறேன்." பசை விரலாலேயே எடுத்துப் பேசினார். "சொல்லுங்க... எந்த ஊர்ல? அட, அவருக்கு நம்ம கடை இருக்குங்க. வேற யாராவது பாவப்பட்டவனுக்குக் குடுங்க." வைத்துவிட்டார். "வேலை தர்றானாம். ஏமாத்துக்காரப் பசங்க. நல்லவேளை, நான் எடுத்தேன்."

சைக்கிளைக் கீழே போட்டிருக்கலாம். ஆனால் கைகள் பழகிப்போயிருந்தன. இன்னும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டன.

புதுக் கம்பியைச் செருகி, சீட்டையும் சக்கரங்களையும் மாட்டி ஏறச் சொன்னார். உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் தாடையைத் தட்டியது.

"மாமா, சீட்டு இன்னும் ஒரு சாண் ஏறணும்."

"கம்பியில போட்டிருக்கற இந்தக் கோட்டுக்கு மேல தூக்கினா உடைஞ்சிடும். என் காலை அளந்துதான் அறுத்தேன், சரியாத்தான் இருக்கும்." மாமனார் நிமிர்ந்தால் அவன் தோளுக்கு வருவார். "ஃபோன் எங்கிட்டயே இருக்கட்டும். அது வேற எதுக்குக் கனம்?"

மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, சொல்லிட்டீங்களா?"

"உங்கப்பாவே சொல்லிட்டாரு" என்றான், முழங்கால்களுக்கு நடுவிலிருந்து.