மேனேஜர் கையில் சாவி

எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர் பரமசிவன். பேங்கில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மேனேஜரையாவது வாய் நிறைய அதட்டிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்குக் கடைசிவரை நிறைவேறவே இல்லை. இப்போது "மேனேஜர், சோபாவ விட்டு இறங்கும்", "மேனேஜர், செருப்பக் கடியாதயும்" என்று தினமும் தீர்த்துக்கொள்கிறார். மேனேஜர் பழுப்பு நிற நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும்.

மேனேஜருக்கு முதன்முதலாக வலிப்பு வந்து எட்டு மாதமாகிறது. அன்றைக்கு நான் நாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவர் வீடு முழுக்க ஓடிச் சாவிக்கொத்தைத் தேடினார். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டுமாம்.

"நாய் எப்படிங்க சாவியப் பிடிக்கும்?" என்று அழுகைக்கு நடுவிலும் கேட்டேன்.

"கால் இடுக்குல சொருகிப் பாப்போம்" என்றார்.

நான் தென்காசியில் சயின்ஸ் டீச்சர். வருடா வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க இந்தச் சாவிக்காகவே ஒதுக்கியிருக்கிறேன். வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும், அதற்குள் யாராவது ஒரு சாவியைத் திணித்துவிட்டுப் பெயர் வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்வேன். பிள்ளைகள் தலையாட்டும். என் வீட்டிலேயே அந்தப் பாடம் ஏறவில்லை என்பது எனக்குப் பெரிய எரிச்சல்.

கால்நடை டாக்டர் ஜாஹிரா பீவிதான் எனக்குத் தைரியம் சொன்னவர். காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கும் மாத்திரை, தவறவே கூடாது. வலிப்பு வந்தால் வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகக் கூடாது. தண்ணீர் தெளிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிற்காவிட்டால் மூக்கில் ஸ்பிரே மருந்தை அடிக்க வேண்டும்.

"அஞ்சு நிமிசத்தத் தாண்ட விட்ராதீங்க டீச்சர். தாண்டிட்டுன்னா உயிருக்கே ஆபத்து. எங்க போனாலும் ஸ்பிரே கையோட இருக்கணும்" என்றார்.

அந்த ஸ்பிரே ஒரு மஞ்சள் பையில் வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கும். இவர் ஒருநாள் அதை எடுக்காமல் நாயோடு வாக்கிங் போய்விட்டார். அதற்காக இரண்டு நாள் நான் சரியாகச் சோறு பரிமாறவில்லை. போன செவ்வாய்க்கிழமை இன்னொரு சண்டை. வீட்டுச் சாவி இரண்டிலும் இலஞ்சி கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கட்டி வைத்திருந்தார். நான் கத்திரிக்கோலை எடுத்து என் சாவியிலிருந்ததை நறுக்கிக் குப்பையில் போட்டேன். அவர் தன் சாவியைக் கயிற்றோடு பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை நல்ல சாரல். சிவகிரியிலிருந்து வந்த சித்தப்பா மகன்களைக் கூட்டிக்கொண்டு இவர் ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார். சாயங்காலம் பால் தீர்ந்துவிட்டது. மேனேஜரைக் கூட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி, தெருமுக்கில் இருக்கும் இசக்கிதுரை டீக்கடைக்கு நடந்தேன். எட்டு வீடு தள்ளித்தான் கடை. மஞ்சள் பை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. ஐந்து நிமிட வேலைக்கு எதற்கு என்று நினைத்தேன். ஆமாம், நான்தான் நினைத்தேன்.

கடை வாசலில் மேனேஜர் நின்றான். வெறும் காற்றை உற்றுப் பார்த்தான். பிறகு வந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்தான். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். நான் குனிவதற்குள் விழுந்துவிட்டான்; நாலு காலும் விறைத்து, வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. நான் தரையில் உட்கார்ந்து தலை இடிபடாமல் என் கையை அடியில் கொடுத்தேன். கடைக் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தொன்று.

"ஏலே, இரும்பு, இரும்பு" என்று இசக்கிதுரை கத்தினான்.

"இரும்பெல்லாம் வேண்டாம், தள்ளி நில்லுங்க" என்றேன். யார் கேட்டார்கள்? இசக்கிதுரை கல்லாச் சாவியை மேனேஜரின் காலடியில் போட்டான். ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்த செந்தில்வேல் ஆட்டோச் சாவியைப் போட்டான். எதிர்வீட்டுப் பேச்சித்தாய் இடுப்பில் சொருகியிருந்த வீட்டுச் சாவியைப் போட்டாள். பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் கடற்கரை அண்ணாச்சி ஒரு புது அரிவாள்மணையையே தூக்கிக்கொண்டு வந்தார். நான் முறைத்த முறைப்பில் அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவரும் சாவியோடு வந்தார். டீக்குடிக்க நின்றவர்களும் அவரவர் சாவியைப் போட்டார்கள். குற்றாலத்துக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்திய யாரோ ஒரு பையன் பைக் சாவியைப் போட்டான்.

நான் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் முடிந்தது. இழுப்பு நிற்கவில்லை.

"செந்தில்வேல், எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால மஞ்சப் பை தொங்குது. ஓடிப் போயி எடுத்துட்டு வா" என்று சாவியைக் கொடுக்கக் கையை நீட்டினேன். கையில் சாவி இல்லை.

"என் சாவி எங்க?"

"நாந்தான் உங்க கையில இருந்து எடுத்துப் போட்டேன் டீச்சர்" என்றாள் பேச்சித்தாய். "ஊர்ச்சாவியெல்லாம் கெடக்குது. வளத்தவங்க சாவி இல்லாட்டா எப்பிடி?"

குவியலைப் பார்த்தேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பூட்டு கடற்கரை அண்ணாச்சி கடைப் பூட்டு. அவர் ஒரே ஒரு ரகம்தான் விற்பார். ஏழெட்டுச் சாவி ஒன்றுபோலக் கிடந்தன. கறுப்புக் கயிறு மட்டும் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். இன்னொரு சாவி அருவிக்கரையில் இருந்தது. போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அருவிக்கு அடியில் நிற்கிற மனிதர் எந்தப் போனை எடுப்பார்?

மேனேஜரின் வாயில் நுரை தள்ளியது. அவன் செத்துப்போகப் போகிறான், என் சாவியாலேயே சாகப் போகிறான் என்று நினைத்தேன். அப்போது எங்கிருந்தோ என் வகுப்புக் குரல் வந்தது.

"எல்லாரும் அவங்கவங்க சாவிய எடுங்க. பேசக் கூடாது."

"எடுத்தா நாய்க்கு ஏதும் ஆயிராதா டீச்சர்?" என்று பேச்சித்தாய் தயங்கினாள்.

"எடுட்டி."

நின்றவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். சொன்னதும் குனிந்தார்கள். மஞ்சள்கறை பட்டது, பல் தேய்ந்தது, வளைந்தது என்று ஆளுக்கொன்றாகப் பொறுக்கினார்கள். கடற்கரை அண்ணாச்சி மட்டும், தன் கடைச் சரக்கு தனக்கே அடையாளம் தெரியாமல், இரண்டை எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றைத் திரும்பப் போட்டார். கடைசியில் தரையில் இரண்டு சாவிதான் மிஞ்சின. ஒன்று பைக் சாவி. இன்னொன்று என்னுடையது.

செந்தில்வேல் அதை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் பறந்தான். எட்டு வீட்டுக்கு ஆட்டோ எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்றரை நிமிடம். நான்கு. இசக்கிதுரை தானாகவே கடை ரேடியோவில் ஓடிய பாட்டை நிறுத்தினான். மேனேஜரின் கண் திறந்தே இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவனுடைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலே முக்கால் நிமிடத்தில் மஞ்சள் பை என் மடியில் விழுந்தது.

மூக்கில் ஸ்பிரேயை அடித்தேன். ஐந்து நிமிடம் ஆகப்போகிற நேரத்தில் கால்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மேனேஜர் நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுட்டு" என்றார் கடற்கரை அண்ணாச்சி.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

கூட்டம் மெல்லக் கலைந்தது. ஒரே ஒரு பையன் மட்டும், தோளில் துண்டோடு, போகாமல் தயங்கித் தயங்கி நின்றான்.

"அக்கா, எம் பேரு திருவேங்கடம். குளிக்கப் போயிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் எடுத்துட்டா அது கையில ஒன்னுமே இல்லாமப் போயிருமேன்னு என் சாவிய எடுக்கல. சரியாயிட்டுன்னா எடுத்துக்கிடட்டுமா?"

தரையைப் பார்த்தேன். பைக் சாவி அங்கே இல்லை. என் வலது கையைப் பார்த்தேன். அது மேனேஜரின் முன்னங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரித்தால், உள்ளங்கைக்கும் அவன் காலுக்கும் நடுவே அந்தச் சாவி. என் தோலில் அதன் பல் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. எப்போது எடுத்துத் திணித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டோ போய்த் திரும்புகிற நேரத்தில் செய்வதற்கு என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

பையன் கையை நீட்டினான். மேனேஜர் இன்னும் கண்ணை உருட்டிக்கொண்டுதான் கிடந்தான். நான் விரல்களைத் திரும்ப மூடிக்கொண்டேன்.

"ஒரு நிமிசம் இருங்க தம்பி" என்றேன். "முழுசா முழிக்கட்டும்."